பழைய போட்டோவைப் பார்த்துப் பள்ளிவாசலுக்கு வண்ணம் பூசுமுன்

காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ ஒரு பழைய பள்ளிவாசலில் மராமத்து தொடங்கினால், யார் வீட்டுப் பெட்டியிலிருந்தாவது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வெளியே வரும். பொக்கிஷம்தான். ஆனால் அதில் வெளுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1850களிலிருந்து 1870கள் வரை புழங்கிய ஈரக் கொலோடியன் தகட்டில் (ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடி) நீலமும் புற ஊதாவும்தான் பதியும். நீலம் வெளுத்துவிடும், காவி, மஞ்சள், பச்சை மூன்றும் கறுத்துவிடும். மத்திய ஆசியாவைப் படமெடுத்து ரஷ்யர்கள் 1871-72இல் தொகுத்த துர்கெஸ்தான் ஆல்பத்தில் சமர்கந்தின் நீல ஓடுகள் வெளிறிக் கிடப்பது இதனால்தான். அங்குள்ள பீபி ஹானும் பள்ளிவாசல் 1897 நிலநடுக்கத்தில் மேலும் சிதைந்தது. அதற்கு முந்தைய வடிவம் தெரிய அந்தப் படங்கள் பெரிய துணை. நிறம் தெரிய உதவாது. எல்லா நிறமும் உணரும் தகடு கடைக்கு வந்ததே 1906இல்தான். அதன் பிறகும் பல காலம் சிவப்பு கறுப்பாகவே விழும் பிலிம் விற்பனையில் இருந்தது.

நிறம் தெரிய வேண்டுமானால் சுவரைத்தான் கேட்க வேண்டும். போதிகைக்கு (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் பகுதி) அடியிலோ கதவு நிலைக்குப் பின்னாலோ, யாரும் தேய்க்காத இடத்தில் ஓர் அங்குலச் சதுரம் குறித்து, கூரான கத்தியால் ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டுங்கள். ஒவ்வோர் அடுக்கின் ஓரத்தையும் கொஞ்சம் விட்டு வையுங்கள். அவசரப்பட்டால் நடுவில் இருக்கும் மெல்லிய காவிப் பூச்சு தூளாகப் போய்விடும்.

இடித்துவிட்ட கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் படத்திலிருந்தே எடுக்கலாம். இன்றும் நிற்கும் தூண் 14 அங்குல அகலம், படத்தில் 7 மி.மீ. என்றால், 1 மி.மீ.க்கு 2 அங்குலம். படத்தில் 18 மி.மீ. உள்ள சுவர் 36 அங்குலம். அந்தத் தூணும் சுவரும் ஒரே முகப்பில் இருக்க வேண்டும். முன்னால் தள்ளி நிற்கும் தூணை அளந்தால் விடை குறைந்து வரும். தூண்கள் மேலே போகப்போக நெருங்கினால் கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறார்கள்; அப்போதும் உயரம் குறைவாகவே வரும்.

நீல வானம் வெளுத்துவிடும் அந்தக் காலப் படத்தில் அழகான மேகம் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆங்கிலேயப் படை அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப் 1855இல் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில் மேகத்தைத் தூரிகையால்தான் சேர்த்தார்.

வலம் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்செடுத்தால் அப்படி ஆகும். வாசல் மேலுள்ள அரபு எழுத்தைப் படித்தாலே தெரிந்துவிடும். எழுத்து இல்லையென்றால் மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாடம்) வெளிச்சுவரில் பிதுங்குவது எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். நம் ஊரில் அது மேற்கே இருக்க வேண்டும். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்துவையுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.