லான்ஜோவில் காலை நூடுல்ஸ்

லான்ஜோக்காரர்களுக்கு மாட்டுக்கறி சூப்பில் போட்ட நூடுல்ஸ்தான் காலை டிபன். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் நல்ல கடைகள் பலவற்றில் சூப் தீர்ந்து ஷட்டர் இறங்கிவிடும். ஆகவே இந்த ஊருக்குப் போகிறவர்கள் ஹோட்டலில் தரும் ரொட்டியையும் ஆம்லெட்டையும் விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு தெருவில் இறங்கிவிடுங்கள்.

வடமேற்குச் சீனாவில் கான்சு மாகாணத்தின் தலைநகர் இது. மஞ்சள் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது, இரண்டு பக்கமும் வறண்ட மலைகள். பழைய பட்டுப் பாதை போன வழி. ஷியானிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். துன்ஹுவாங்கின் பழைய புத்தர் குகைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கே ரயில் மாறிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு காலை நேரமாவது தங்கிவிட்டுப் போங்கள் என்பேன்.

நான் சாப்பிட்ட கடை, 1909-ல் கட்டி முடித்த பழைய இரும்புப் பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு சந்துக்குள் இருந்தது. பச்சை போர்டு, அதில் சீன எழுத்தோடு அரபு எழுத்தும். உள்ளே பத்துப் பன்னிரண்டு மேஜைகள், முதுகு சாய வழியில்லாத ஸ்டூல்கள். ஒவ்வொரு மேஜையிலும் வினிகர் ஜாடி ஒன்று. படம் போட்ட மெனு கிடையாது, பரிமாற ஆள் கிடையாது, பாட்டு கிடையாது. வாசலில் கல்லா. காசு கொடுத்ததும் ஒரு துண்டுச் சீட்டு கிழித்துத் தருகிறார்கள். சாதாரணக் கிண்ணம் எனக்கு 9 யுவான் ஆனது, நம் பணத்தில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கூடுதல் கறியும் அவித்த முட்டையும் தனிக் காசு.

சீட்டை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போக வேண்டும். அங்கேதான் அந்தக் கேள்வி வரும்: எந்தக் கனம்?

மற்றபடி அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே மாவு, ஒரே சூப். ஆனால் நூடுல்ஸ் எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு அகலமாக வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். தலைமுடி போல மெலிந்த மாவ்-ஷி, அதைவிடச் சற்றுப் பருத்த ஷி, இன்னும் தடித்த அர்-ஷி, பட்டையான ஜியூ-யெ, இரண்டு விரல் அகலத்துக்கு வரும் தா-குவான், குறுக்கே முக்கோணமாக இருக்கும் ஒரு வகை என்று வரிசை நீளும். முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பெண் மாவ்-ஷி கேட்டாள். அவளுக்கு அடுத்த பெரியவர் வாயைத் திறக்கவே இல்லை. அவரைப் பார்த்ததும் மாஸ்டர் அகல நூடுல்ஸ் இழுக்க ஆரம்பித்துவிட்டார். நான் அர்-ஷி என்றேன். என் உச்சரிப்பு அவருக்குப் புரிந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்த ஜன்னலை விட்டு நகர மனம் வராது. எண்ணெய் தடவிய ஒரு மாவு உருளையை எடுத்து மேஜையில் உருட்டுகிறார். இரண்டு முனையையும் பிடித்து, கைகளை விரித்து ஒரு இழுப்பு. முனைகளைச் சேர்த்து மடித்து, நடுவில் விரலை விட்டு மறுபடியும் இழுப்பு. நடுப்பகுதி பலகையில் பட்டு ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரண்டு மடங்காகிறது. எட்டாவது மடிப்பில் 256 இழை. கடைசியில் கையில் ஒட்டியிருக்கும் முனை மாவைக் கிள்ளி எறிந்துவிட்டு, கொதிக்கும் அண்டாவில் மொத்தத்தையும் வீசுகிறார். பக்கத்தில் நிற்பவர் முழ நீளக் குச்சிகளால் ஒரு கிளறு கிளறி, கொஞ்ச நேரத்திலேயே அள்ளிவிடுகிறார். நான் சீட்டு நீட்டியதிலிருந்து கிண்ணம் கைக்கு வரும்வரை மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாவு இப்படி அறுந்துபோகாமல் நீளுவதற்குக் காரப்பொருள் (ஆல்கலி) சேர்ப்பதுதான் காரணம். பாலை நிலத்தில் முளைக்கும் ஒரு செடியை எரித்து எடுத்த சாம்பலைக் கரைத்து அந்தக் காலத்தில் மாவில் ஊற்றினார்கள். பெங்-ஹுவெய் என்று அதற்குப் பெயர். இப்போது பெரும்பாலும் கடையில் விற்கும் பொடிதான். நூடுல்ஸின் லேசான மஞ்சள் நிறமும் அந்தக் காரப்பொருளால் வருவதே. மூன்று தடவை தண்ணீர், மூன்று தடவை சாம்பல், எண்பத்தொரு தடவை பிசைதல் என்று தொழிலில் ஒரு சொலவடை உண்டு.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கே மனப்பாடம்: ஒன்று தெளிவு, இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, நான்கு பச்சை, ஐந்து மஞ்சள். தெளிவு என்பது சூப். மாட்டு எலும்பையும் கறியையும் மசாலாவோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை, மெல்லிய முள்ளங்கி வில்லைகள். சிவப்பு, மிளகாய் எண்ணெய். பச்சை, கொத்தமல்லியும் பூண்டுத் தாளும். மஞ்சள், நூடுல்ஸ். கறி மேலே சின்னச் சின்னத் துண்டுகளாக, தூவினாற்போலத்தான் இருக்கும். கறி வேண்டுமென்றால் தனித்தட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எதிரில் உட்கார்ந்திருந்த தாத்தா, நான் நூடுல்ஸைக் குச்சியில் எடுத்ததும் கையை அசைத்து நிறுத்தினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, முதலில் சூப்பை ஒரு மிடறு குடித்துக் காட்டினார். அதன்படியே செய்தேன். பட்டையும் மிளகும் இஞ்சியும் மணத்தில் தெரிந்தன. எது முந்துகிறது என்று சொல்ல முடியாத அளவுக்குக் கலந்திருந்தன. மிளகாய் எண்ணெய் பார்க்கத்தான் பயமுறுத்துகிறது. நம் ஊர் நாக்குக்கு அந்தக் காரம் ஒன்றுமில்லை, வறுத்த எள்ளும் மிளகாயும் சேர்ந்த வாசனைதான் அதில் பெரிது. பாதி சாப்பிட்டதும் வினிகர் ஊற்றிக்கொள்ளச் சொன்னார் தாத்தா, அதுவும் ஜாடையில்தான். ஊற்றியதும் அதே சூப் வேறு சூப்பாகிவிட்டது.

நூடுல்ஸ் பல்லுக்கு எதிர்த்து நின்றது. அந்த இழுவை கொஞ்ச நேரந்தான் இருக்கும், ஊறவிட்டால் போய்விடும். அதனால்தான் அங்கே யாரும் பேசிக்கொண்டு சாப்பிடுவதில்லை. இடம் கிடைக்காதவர்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நடைபாதையில் குந்தி உட்கார்ந்து உறிஞ்சுகிறார்கள். கோட் சூட் போட்டவரும் அப்படித்தான்.

இந்த உணவை வளர்த்தவர்கள் ஹூயி என்ற சீன முஸ்லிம் சமூகத்தினர். இப்போதைய பாணியைத் தொடங்கிவைத்தவராக மா பாவ்சி என்பவரைச் சொல்கிறார்கள். 1915-ல் அவர் தெருவில் சுமந்து விற்க ஆரம்பித்ததாக வரலாறு. அப்புறம் ஒரு தகவல்: சீனா முழுக்க ‘லான்ஜோ’ பெயரில் காணும் நூடுல்ஸ் கடைகளில் பெரும்பாலானவை பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் பகுதிக்காரர்கள் நடத்துபவை. லான்ஜோவாசிகள் அதைத் தங்கள் நூடுல்ஸாக ஒப்புக்கொள்வதில்லை. உள்ளூரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 2007-ல் விலை ஏறியபோது நகர நிர்வாகமே தலையிட்டு ஒரு கிண்ணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. நம் ஊரில் இட்லிக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

ஆற்றின் மேல்பக்கம் லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4000 வருடப் பழைய நூடுல்ஸ் கிடைத்தது. தினையும் பனிவரகும் சேர்த்துச் செய்தது என்று 2005-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. கோதுமை மாவு இழுக்கும் இன்றைய வித்தைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு சொல்ல முடியாது. ஆனாலும் தினை என்று படித்ததும் எனக்கு அந்த ஆற்றங்கரை கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சைவர்கள் கறி வேண்டாம் என்று சொன்னாலும் சூப் மாட்டு எலும்பில் வெந்ததுதான், அதைத் தவிர்க்க வழியில்லை. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஜன்னல் ஓரம் நின்று மாவு இழுப்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஜெங்நிங் சாலை இரவுச் சந்தைக்குப் போகலாம். அங்கே பாலில் முட்டையும் புளித்த அரிசியும் சேர்த்துக் கொதிக்கவைத்துத் தரும் இனிப்புப் பானம் நன்றாக இருக்கும். இந்தக் கடைகளில் பன்றிக்கறியும் மதுவும் கிடையாது, ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் கவலையில்லாமல் போகலாம். எட்டு மணிக்குக் கூட்டம் நெரியும், ஏழுக்குள் போய்விடுங்கள். அகல நூடுல்ஸையும் மறுநாள் சாப்பிட்டுப் பார்த்தேன். அதில் சூப் ஒட்டவில்லை. என் ஓட்டு அர்-ஷிக்குத்தான்.