எஸ்எம்பிஎஸ் வாங்குமுன் மூன்று ஒயர்களை அளந்து பாருங்கள்

பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரில் அசைவே இல்லை. உடனே "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு" என்று, கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் அந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். பழுது பட்டனிலோ மதர்போர்டிலோ இருந்தால் அந்தக் காசு வீண். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பழுது எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே பிரித்துவிடலாம்.

முதலில் பிளக் பாயின்ட். மீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வையுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அதே அளவு. எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்குப் போகும் சிறு கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகங்கள்) உண்டு. எர்த் அறுந்தால் அவற்றின் வழியாகக் கேபினட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் இது போகாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்வதே வழி.

அடுத்து மதர்போர்டின் 24 பின் கனெக்டர். அதைக் கழற்றாமல், ஒயர் நுழையும் பின்பக்க இடுக்கில் சிவப்பு ப்ரோபைச் செருகி, கருப்பு ப்ரோபைக் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். மீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். பார்க்க வேண்டியவை ஊதா, பச்சை, சாம்பல் ஆகிய மூன்று ஒயர்கள். ஒயர்கள் எல்லாமே கருப்பாக இருக்கும் மாடல் என்றால் பின் எண்ணைப் பாருங்கள்: ஊதா 9, பச்சை 16, சாம்பல் 8.

மெயின் சுவிட்ச் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதே ஊதாவில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் 24 பின் கனெக்டரையும் சிபியுவுக்குப் போகும் 8 பின் கனெக்டரையும் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் எஸ்எம்பிஎஸ் பழுது. அதைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஊதா சரி என்றால் பச்சை. சும்மா இருக்கும்போது இதில் 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா? மதர்போர்டில் பவர் சுவிட்ச் ஒயர் மாட்டும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் கேபினட் பட்டன்தான் பழுது. ஓடாவிட்டால் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றும் வராதபோது சாம்பலைப் பாருங்கள். எல்லா வோல்டேஜும் நிலைபெற்றுவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர் அது. ஆன் ஆன அரை நொடிக்குள் 5 வோல்ட்டை எட்ட வேண்டும். எட்டாதவரை மதர்போர்டு சிபியுவைத் தொடங்கவிடாமல் ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது மற்ற ஒயர்களில், மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை ஏற்கலாம்.

ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுவது தனி வகை. எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால் அந்தப் பாதுகாப்புப் பூட்டு விடுபடும். ஒவ்வொரு முறையும் அப்படி விட்டு, கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி சாமான்கள் என ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். சிபியுவின் 8 பின்னைக் கழற்றினால் மட்டும் ஃபேன் தொடர்ந்து ஓடுகிறதென்றால், மதர்போர்டில் சிபியுவுக்குக் கரன்ட் தரும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் பலன் இருக்காது. மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (மதர்போர்டைத் தாங்கும் சிறு திருகுத் தூண்) இருந்தாலும் இதே அறிகுறி வரும்.

கேம் ஆடும்போது மட்டும் அணைந்து எழுந்தால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. கிராஃபிக்ஸ் கார்டு மில்லிநொடிக் கணக்கில் இழுக்கும் கரன்ட்டைச் சாதாரண மீட்டரும் காட்டாது. இந்த ஒரு இடத்தில் மட்டும், கூடுதல் வாட் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. அதற்கு முன் கார்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் கருகியோ மஞ்சளாகவோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டுக்கான 8 பின் கனெக்டர் 150 வாட் தருவதற்கு வடிவமைத்தது. மலிவான மோலெக்ஸ் (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான 4 பின் கனெக்டர்) அடாப்டர் வழியாக அதை இழுத்தால் முதலில் உருகுவது அந்த இணைப்புதான்.