பச்சை லேசருக்கு எந்த செல் போடுவது? அளந்து பார்த்ததில் தெரிந்தவை

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட ஒரு பச்சை லேசர் வைத்திருக்கிறேன். 5 மில்லிவாட்டுக்கு உட்பட்டது, இரண்டு ஏஏஏ செல்லில் ஓடும். பனிக்காலத்தில் ஒளி மங்கியதால் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைத் தம்பி 10440 செல் இரண்டை எடுத்து வைத்தார். "அதே சைஸ்தாண்ணா. சார்ஜ் பண்ணிக்கலாம், வெளிச்சமும் ஜாஸ்தி வரும்."

சைஸ் அதேதான், வோல்ட் வேறு. அல்கலைன் ஏஏஏ 1.5 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 3. 10440 லித்தியம் அயன். முழு சார்ஜில் ஒன்றே 4.2 வோல்ட், இரண்டு போட்டால் 8.4. நான் வாங்கவில்லை.

அவ்வளவு வோல்ட்டில், உள்ளே ஒளியைப் பிறப்பிக்கும் டயோடு கருகினால் லேசர் போவதோடு சரி. கருகாமல் ஓடினால்தான் எனக்குப் பயம். இந்த வகை லேசரில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒரு படிகத்தில் 1064 ஆகி, இன்னொன்றில் பாதியாகி 532 ஆக வெளிவருகிறது. வோல்ட் ஏறிக் கரண்ட் கூடினால், பச்சையாக மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பும் கூடும். மலிவான லேசர் பலவற்றில் அதைத் தடுக்கும் ஃபில்டரே கிடையாது. பச்சை பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு மூடாது. சுற்றி நிற்பது பிள்ளைகள்.

அதனால் அளந்தேன். பின்மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஒரு முனையை செல்லின் அடியிலும் மற்றதை லேசர் உடலிலும் தொட்டேன். லேசர் சுவரைப் பார்த்தபடி. புது அல்கலைனில் சுமார் 300 மில்லி ஆம்பியர். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான் என்பதால் சற்றுக் குறைந்தது. ஆனால் அல்கலைன்போலச் சரிந்துகொண்டே போகாமல் நெடுநேரம் நிலையாக நின்றது. இப்போது அதைத்தான் போடுகிறேன்.

மங்கலுக்குக் காரணமோ செல்லே இல்லை! படிகம் 808-ஐ ஒட்டிய ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். குளிரில் டயோடின் அலைநீளம் அதைவிட்டு நகர்ந்துவிடுகிறது. சட்டைப்பைக்குள் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தேன். அதே செல், பழைய பச்சை. வெளிச்சம் போதவில்லை என்று பெரிய செல்லைத் தேடுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இதே குழப்பம் சிஆர்123ஏ என்ற லித்தியம் செல்லிலும் உண்டு. அது 3 வோல்ட், சார்ஜ் ஏற்றவே கூடாதது. ஏறத்தாழ அதே அளவில் வரும் 16340 என்ற லித்தியம் அயன் செல்லுக்கு முழு சார்ஜில் 4.2. இரண்டு செல் லேசரில் 6 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 8.4 ஏறிவிடும்.

அடுத்து, 18650 என்ற பெரிய லித்தியம் அயன் செல் ஒன்றில் ஓடும், கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் உள்ள லேசர் ஒன்று வாங்க எண்ணம். கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று அச்சிட்ட செல்லைத் தொடமாட்டேன்; நல்ல 18650 பெரும்பாலும் 3500-ஐ ஒட்டி நின்றுவிடும், எடையும் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மேலுறை கிழிந்ததும் வேண்டாம். உள்ளே இருக்கும் டப்பா முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவோடு சேர்ந்த உலோகம் அதில் உரசினால் ஷார்ட். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் வழக்கமான 65 மில்லிமீட்டரைத் தாண்டி 69, 70 வரை நீளும். லேசரின் பின்மூடி அதற்கு இடம் தருமா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.