வைரக் கம்மல் வேண்டாம் என்ற சிறுமியும் எங்கள் ஆங்கில வகுப்பும்

குமரி மாவட்டம் தக்கலையில் ஒரு மாடி அறையில், மாலை 5 மணி முதல் 6.30 வரை, பெண்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கான மொழித் தேர்வுக்குத் தயாராகும் இளம்பெண்கள், கல்லூரி மாணவிகள், ‘அண்டி ஆபீஸ்’ என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் முந்திரி ஆலையில் வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வரும் ஓர் அக்கா என இந்த ஆண்டு 14 பேர் இருக்கிறார்கள். சாதனைப் பெண்களைப் பற்றிய பாடத்தை இவர்களுக்கு எப்படி நடத்துவது என்பதில் எனக்குத் தெளிவு வர சில ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் நான் கொடுத்தவை மேரி கியூரி, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பற்றிய ஒரு பக்கக் கட்டுரைகள். மாணவிகள் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால், ‘ஷி இஸ் எ கிரேட் உமன், ஷி இஸ் வெரி பிரேவ்’ என்று இரண்டு வரிகளுடன் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் என்ன செய்தார், எதை மறுத்தார், எங்கே போனார், எதைக் கட்டினார் என்ற ஒரு வினைச்சொல்கூட அவற்றில் இல்லை. பிழை என்னுடைய பாடத்தில்தான் இருந்தது. புகழ்ச்சிச் சொற்களை நிறையக் கொடுத்த நான், செயல்களைக் குறைவாகவே கொடுத்திருந்தேன். வினைச்சொல் இல்லாமல் இறந்தகாலத்தை எப்படிக் கற்பிக்க முடியும்?

அதன்பின் முதலில் எடுத்துக்கொண்டது மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸின் வாழ்க்கையை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர் என்ற பழைய சமஸ்தானப் பகுதியோடு இருந்தது என்பதால், அவர் எங்களுக்கு அயலார் அல்லர். 1886-இல் பிறந்த அவர் கல்லூரியில் அறிவியல் படிக்க விரும்பினார். பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்து 1909-இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, திருவனந்தபுரம் தைக்காட்டில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல், அதாவது மருத்துவத் துறைத் தலைவர், ஆனபோது 32 அரசு மருத்துவமனைகள் அவருடைய நிர்வாகத்தின் கீழ் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே.

இவ்வளவையும் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுமாறு ஒரு மாணவியைக் கேட்டேன். ‘ஹி வென்ட் டு லண்டன், ஹி பிகேம் சர்ஜன் ஜெனரல்’ என்று தடையின்றிச் சொன்னாள். அவளுக்கு ‘ஹி’, ‘ஷி’ வேறுபாடு தெரியாமல் இல்லை. நாம் மரியாதையுடன் ‘அவர்’ என்று சொல்லும்போது அதில் ஆண், பெண் என்ற அடையாளம் இருப்பதில்லை. அந்த ‘அவர்’ ஆங்கிலத்துக்குள் போகும்போது, பதவி பெரிதாக இருந்தால், தானாகவே ஆணாகிவிடுகிறது. ‘நர்ஸ்’ என்று சொன்னபோது அதே மாணவி ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதையும் கவனித்தேன். இதை வகுப்பில் வெளிப்படையாகவே பேசினோம். அன்று முதல் டாக்டர், நீதிபதி, அமைச்சர், பொறியாளர் என்ற சொற்களைக் கொண்ட வாக்கியங்களுக்கு முன்னுரிமை கொடுத்து, ‘ஷி’யையும் ‘ஹெர்’ரையும் வாய்க்குப் பழகும்வரை சொல்லவைக்கிறேன்.

இன்னொன்று, ‘தி ஃபர்ஸ்ட் உமன் டு’ என்ற அமைப்பு. சாதனைப் பெண்களைப் பற்றி எழுத இது இன்றியமையாதது என்றாலும், மாணவிகள் அதற்குப்பின் ‘இன் தி வேர்ல்ட்’ என்று சேர்க்க விரைகிறார்கள். திருவிதாங்கூரில் முதல் என்றால் ‘இன் திருவிதாங்கூர்’ என்றே எழுத வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மிகைப்படுத்தினால் உண்மையில் செய்ததன் அளவு மறைந்துவிடுகிறது.

கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவிக்காக லூர்தம்மாள் சைமனைச் சேர்த்தேன். மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபின் வந்த 1957 தேர்தலில் குளச்சலில் வென்று, காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைக் கவனித்தவர். ‘குளச்சலிலிருந்து’ என்பதற்கு ‘ஃப்ரம்’ எழுத வேண்டும் என்பதை அந்த மாணவி இனி மறக்கமாட்டாள்.

ஆனால், வகுப்பு முழுவதையும் பேசவைத்தவர் வானிலை அறிவியலாளர் அன்னா மாணிதான். 1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக் கம்மல் கொடுத்தபோது, அதை வேண்டாம் என்று சொல்லி, கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்ட சிறுமி. வளர்ந்தபின் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று அதே வைரம். பெண்ணுக்குப் பொன் சேர்ப்பதே பெற்றோரின் வாழ்நாள் கவலையாக இருக்கும் எங்கள் மாவட்டத்தில், இந்தக் கதையைக் கேட்டதும் எழுந்த சலசலப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. “எட்டு வயசுலயா டீச்சர்?” என்று அண்டி ஆபீஸ் அக்கா இரண்டு முறை கேட்டார்.

ஆய்வேட்டை முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் தரப்படவில்லை. 1945-இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே தயாரிக்க வழிசெய்தார். பிற்காலத்தில் நாடெங்கும் காற்றின் ஆற்றலை அளந்து தரவுகளைத் தொகுத்தார். ஆரல்வாய்மொழி கணவாயில் பேருந்து வளையும்போது இருபுறமும் சுழலும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, காற்றை அளப்பது எதற்கு என்று நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

சென்ற வாரம் இதை நேர்காணலாக நடத்தினோம். ஒருவர் அன்னா மாணியாக அமர, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ‘டிட்’ வந்தபின் வினைச்சொல் இயல்பு வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்ற விதியை எத்தனை முறை பலகையில் எழுதியும் ‘டிட் யூ வென்ட்’ போகவில்லை. கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று மனத்தில் இருந்தால்தான் அது சரியாகிறது. அண்டி ஆபீஸ் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தேன். முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களைக் கோர்த்துக்கொண்டு அமர்ந்தார். ஒரு நர்ஸ் எழுந்து, “தே டிட் நாட் கிவ் யூ தி டிகிரி. டிட் யூ க்ரை?” என்று கேட்டாள்.

அக்கா சிறிது நேரம் யோசித்தார். பிறகு, “நோ. ஐ வென்ட் டு லண்டன்” என்றார்.

திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை. அப்படியே பலகையில் எழுதினேன். எல்லோரும் நோட்டில் எடுத்துக்கொண்டார்கள்.