வாட் யாய் சாய் மோங்கோன் விகாரை, அயுத்தயா, தாய்லாந்து: மழைக்காலக் குறிப்புகள்

செப்டம்பர் 9
மழை.

செப்டம்பர் 10
ஸ்தூபியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருக்கும் புத்தர்களின் தோளில் காவித்துணி நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. இன்றே அவிழ்க்க வேண்டும். ஈரத்துணி மூடிய இடத்தில்தான் சுதை முதலில் பாசி பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே புதுத்துணி.

செப்டம்பர் 12
படியோரம் ஒரு அரசங்கன்று, விரல் நீளம். பறவை எச்சத்தில் வந்தது. பிடுங்கவே கூடாது. வேர் இடுக்குக்குள் இறங்கியிருக்கும், இழுத்தால் காரையோடு செங்கல் பெயரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் அப்போதே களைக்கொல்லி தடவ வேண்டும். காய்ந்தபின் தடவினால் மருந்து இறங்காது, மறுபடி துளிர்க்கும்.

செப்டம்பர் 15
சுண்ணாம்பு நினைப்பாகவே இருக்கிறது. அடிவரிசைச் செங்கலில் உப்பு பூத்திருக்கிறது. தேய்த்தால் விரலில் செந்தூள். நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறி, மேலே காயும்போது உப்பை விட்டுப் போகிறது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கும். உப்பு உள்ளேயே இறுகும். பூச்சு திடமாக நிற்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிச் சலித்த மணல் மூன்று பங்கு, அவ்வளவுதான். காரை செங்கலைவிட மென்மையாக இருக்கட்டும். உதிர்ந்தால் காரை உதிரட்டும், மறுபடி பூசலாம். அந்தக் காலச் செங்கல்லுக்கு எங்கே போவது? பூசியதும் ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும், சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். கொட்டும் மழையிலோ கரைந்தே போகும்.

செப்டம்பர் 16
மழை. கை வைக்க வேண்டாம்.

செப்டம்பர் 18
நரேசுவான் மன்னர் சன்னிதியில் சேவல்கள், சேவல்கள். சின்னது, ஆளுயரம், எல்லாம் நேர்த்திக்கடன். பிணையாகப் பர்மாவின் பகோ நகரில் இருந்த பையன் நரேசுவான், பர்மிய இளவரசனின் சேவலைத் தன் சேவலால் வென்றான் என்ற கதைதான் காரணம். அந்த இளவரசன் மிங்கி ஸ்வாவை, மன்னரான நரேசுவான் யானைப்போரில் வீழ்த்தியதாகத் தாய் மரபு சொல்வது 1593 ஜனவரியில். உடன் வராமல் பின்தங்கிய படைத்தலைவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். இந்த விகாரையின் சங்கத் தலைவர் மன்றாடி அவர்களைக் காப்பாற்றினார், புண்ணியமாக ஸ்தூபி எழுப்பச் சொன்னார் என்று மரபு சொல்கிறது. 1357இல் இலங்கையில் கற்றுத் திரும்பிய துறவிகளுக்காக எழுந்த விகாரை இது. சேவலுக்கு முன்னால் நிற்கிறவர்கள் அந்தத் துறவியையும் ஒரு கணம் நினைக்க வேண்டும்.

செப்டம்பர் 19
சுதைச் சேவல்களைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வைக்க வேண்டும். கால்தான் முதலில் கரைகிறது.

செப்டம்பர் 22
ஆற்றில் நீர் ஏறுகிறது.

செப்டம்பர் 24
வெயில். மணல் சலித்தாயிற்று. அடிவரிசையில் உள்ளங்கையை வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கிறது.