தெருமுனைக்கு பெட்ரோல் பங்க் வரும் என்றார்கள்: நாங்கள் ஆட்சேபணை கொடுத்த விதம்

பங்க் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் ஜனங்கள் நேராகப் போவது கவுன்சிலரிடம்தான். நாங்களும் போனோம். "பேசிப் பார்க்கலாம் சார், கவலைப்படாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் இதில் முடிவு எடுக்கும் மேசை அவருடையது இல்லை. சொல்லப்போனால் மேசை ஒன்று அல்ல, இரண்டு. இது புரிந்த பிறகுதான் எங்கள் வேலையே நகர்ந்தது.

எங்கள் நகர் சென்னைப் புறநகரில், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் இருக்கிறது. மெயின் ரோட்டைப் பார்த்த அந்தக் காலி மனை, 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் குடியிருப்பு மண்டலம். அதில் பங்க் வைக்க வேண்டுமென்றால் முதலில் வணிக மண்டலமாக நிலப்பயன் மாற்றம் வாங்க வேண்டும். இது சிஎம்டிஏவின் வேலை, முதல் மேசை. இரண்டாவது, 2002-ம் வருட பெட்ரோலிய விதிகளின் 144-வது விதிப்படி வாங்கும் தடையில்லாச் சான்று. அதைத் தருவது கலெக்டர். போலீஸ் கமிஷனரேட் எல்லையாக இருந்தால் கமிஷனர் அலுவலகம். எங்களுக்குக் கமிஷனர் அலுவலகம். அந்தச் சான்று இருந்தால்தான் மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் தரும்.

மனையில் ஜேசிபி இறங்கி முள்ளை வழித்த வாரமே, எதிர்வீட்டு ரிடையர்டு சர்வேயர் வரைபடம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிட்டார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான். அப்போதே போட்டது எவ்வளவு நல்லது என்று பின்னால் தெரிந்தது. நிலப்பயன் மாற்றத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தால் ஆட்சேபணை சொல்ல 21 நாள்தான். தகவல் மனுவுக்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள். அறிவிப்பைப் பார்த்த பிறகு வரைபடம் கேட்டால், படம் கைக்கு வரும்போது கெடு முடிந்திருக்கும்.

அப்புறம் மனு எழுதும் படலம். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து, பல பேர் கையெழுத்து போட்ட தாள் ஒன்று தயாரானது. சர்வேயர் அதை ஓரமாக வைத்தார். "எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினா அது ஒரு மனுதான் சார். வீட்டுக்கு ஒண்ணு எழுதுங்க. கதவு எண், சர்வே எண், உங்க வீட்டுக்கு எதனால பாதிப்புன்னு மட்டும் சொல்லுங்க." பின்தெரு அம்மா ஒருவர் தன் போர் தண்ணீரைப் பற்றி எழுதினார். தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டு போர்களில் பெட்ரோல் வாடை அடித்தது சென்னைக்காரர்களுக்கு மறக்காது. எங்களுக்கும் போரை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

எல்லோரும் ஒரே பக்கம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது வீட்டுப் பெரியவர் கையெழுத்தே போடவில்லை. "பங்க் வந்தா ராத்திரி வெளிச்சம் இருக்கும், மனை விலை ஏறும்" என்றார். அவர் சொன்ன வெளிச்சம் உண்மைதான், மறுக்க முடியாது.

தூரக் கணக்குதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஜனவரி 2020-ல் புதிய பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளிக்கூடம், பத்து படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்பு என்று வகைப்படுத்தப்பட்ட பகுதி, இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாட்டோடு குறைக்கலாம், ஆனால் எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அளக்க வேண்டியது காம்பவுண்டு சுவரிலிருந்து இல்லை. டேங்கர் லாரி எண்ணெய் இறக்கும் வாய், பெட்ரோல் போடும் மெஷின், டேங்க் ஆவி வெளியேறும் வென்ட் பைப், இவற்றில் எது கிட்ட இருக்கிறதோ அங்கிருந்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டோரம் டேப்பைப் பிடித்தோம். மனையின் அகலம் 40 மீட்டர். இரண்டு பக்கமும் வீடுகள். மெஷினை நட்டநடுவில் நிறுத்தினாலும் பக்கத்து எல்லைக்கு 20 மீட்டர், அதற்கு மேல் வீட்டுக்காரர் விட்ட சந்து ஓர் ஆள் அகலம். சர்வேயர் தாளில் ஒரு கட்டம் போட்டு, "எங்க வேணா வைக்கச் சொல்லுங்க, முப்பது வராது" என்று சிரித்தார்.

மனைக்காரர் தரப்பு வாதமும் லேசுப்பட்டதில்லை. மனை வணிக மண்டலமாகிவிட்டால் குடியிருப்புப் பகுதி என்ற பேச்சே இல்லை என்றார்கள். எங்கள் பதில்: மாறுவது உங்கள் சர்வே எண் மட்டும், பக்கத்து மனைகள் பிளானில் குடியிருப்பாகவே இருக்கின்றன, தூரம் அளப்பது அவற்றிலிருந்துதான்.

இந்தக் கணக்கை நிலப்பயன் மேசையில் முதன்மையாக வைக்கவில்லை. அங்கே பேச வேண்டியது சுற்றுப்புறம் எப்படி வளர்ந்திருக்கிறது, தெருவின் அகலம் என்ன, லாரி எங்கே திரும்பும் என்பதுதான். மீட்டர் கணக்கைக் கமிஷனர் அலுவலகத்துக்குத் தனி மனுவாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். லோக்கல் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்த எஸ்.ஐ. அந்தக் கட்டம் போட்ட தாளை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்து சிஎம்டிஏவிலிருந்து கடிதம் வந்தது. சுற்றிலும் குடியிருப்பாகவே வளர்ந்திருப்பதால் மாற்றம் ஏற்கப்படவில்லை, ஒரே பத்தி. நாங்கள் டேப் பிடித்த கதை அதில் ஒரு வரிகூட இல்லை. நிலப்பயன் மாறாததால் சான்றுக் கோப்பும் அப்படியே நின்றுவிட்டது.

மனைக்காரர் இப்போது அங்கே அடுக்குமாடி கட்டத் திட்ட அனுமதி கேட்டிருக்கிறாராம். குடியிருப்பு மண்டலத்தில் வீடு கட்டுவதை எந்த விதியைக் காட்டித் தடுப்பது? ஆனாலும் வாட்ஸப் குரூப்பில் இரண்டு பேர் "இதுக்கும் ஒரு மனு போடலாமே" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். சர்வேயர் இன்னும் பதில் போடவில்லை.