நேரமாகிவிட்டது

கேள்வி ரொம்பச் சாதாரணமானது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "அந்தப் பாட்டி இப்ப எப்படி இருக்காங்க? அப்புறம் எப்பவாவது பேசினீங்களா?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்து, "நேரமாகிவிட்டது, அடுத்தவரைக் கூப்பிடலாம்" என்றேன். கைதட்டல். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்தப் பார்வைக்கும் என் வாக்கியத்துக்கும் நடுவில் இருந்த மூன்று நான்கு நொடிகள் என்னை விட்டபாடில்லை.

பயண எழுத்தாளர்களை மேடையில் கதை சொல்ல வைப்பது என் வேலை. ஆளுக்கு 12 நிமிடம். கையில் குறிப்பு வைத்துக்கொள்ளக் கூடாது. 1997-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'தி மாத்' என்ற கதைசொல்லும் அமைப்பு வழக்கப்படுத்திய முறைதான் இது: சொந்த அனுபவம், உண்மைக் கதை, தாள் கிடையாது. எழுத்தில் பத்துப் பக்கம் அலைந்து திரிந்து ஒரு இடத்துக்கு வந்து சேரலாம், வாசகர் கூடவே வருவார். எதிரில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அது நடக்காது. எங்கே தொடங்குவது, எதை விடுவது, எந்த வரியில் நிறுத்துவது என்று ஒத்திகையில் உட்கார்ந்து பேசுவது என் பங்கு.

அன்று என்னைப் பார்த்தாரே, அவருக்கு அதுதான் முதல் மேடை. ஒத்திகையில் 14 நிமிடம் 20 நொடி ஓடியது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு, காசா என்ற சிற்றூருக்கு மேலே லாங்சா கிராமம். செப்டம்பர் கடைசியில் எதிர்பாராத பனி. வண்டி கீழே இறங்க வழியில்லை. ஒரு பாட்டி வீட்டில் இரண்டு இரவு. இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது, நடுவில் பள்ளிக்கூடம் போகும் பேரன் மட்டும். இரண்டாம் இரவு பாட்டி ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிடுகிறார். திறந்து பார்த்தால் கல்லில் சுருள் சுருளாக ஒரு ஓட்டின் தடம். 14,000 அடிக்கு மேலே ஒரு கடல் உயிரி! இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெதிஸ் கடல் இருந்தது என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் இவர் சொல்லும்போது கையை முன்னால் நீட்டி, விரலை ஒவ்வொன்றாகத் திறப்பார். வெறும் கைதான். ஒத்திகையிலேயே நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை வண்டி கிளம்புகிறது. பாட்டி கூரைமேல் ஏறி நின்று, வளைவில் வண்டி மறையும்வரை தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"இதோட முடிச்சிடுங்கம்மா" என்றேன்.

"இல்ல சார், இதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு."

அது இதுதான். பாட்டியை அவர் படம் எடுத்திருந்தார். பாட்டியிடம் தன்னுடைய படம் ஒன்றுகூட இல்லையாம். ஒன்று அனுப்பி வை என்று கேட்டிருக்கிறார். பேரன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து முகவரி எழுதிக் கொடுத்தான். ஹிக்கிம் அஞ்சலகம், பின்கோடு 172114. உலகத்திலேயே மிக உயரத்தில் இருக்கும் அஞ்சலகங்களில் ஒன்று, 1983-இலிருந்து இருக்கிறது. போகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று வீட்டுக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு வருவார்கள். இவரும் ஐந்து அட்டை போட்டிருக்கிறார். "நாங்க எல்லாரும் அங்கேர்ந்து அனுப்பறோம் சார். அங்க யார் அனுப்பறா?" நான்கு வருடம் ஆகியும் படம் போகவில்லை. இதைச் சொல்லி முடிக்கத்தான் அவருக்கு அந்த இரண்டு நிமிடம் தேவைப்பட்டது.

வெட்டச் சொன்னேன். சொன்ன காரணம் நேரம். அது பொய்யில்லை, 12 என்றால் 12தான், ஒருவருக்குத் தளர்த்தினால் கடைசியாக வருபவர் பாதிக் கூட்டத்திடம் பேச வேண்டியிருக்கும். ஆனால் பனியைப் பற்றிய மூன்று நிமிடத்தில் தாராளமாக இரண்டைக் குறைத்திருக்கலாம். அது அப்போதே எனக்குத் தெரியும். கூரைமேல் கையைத் தூக்கி நிற்கும் அந்த உருவம் கடைசிக் காட்சியாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதற்குப் பிறகு எது வந்தாலும் அது கலைந்துவிடும்.

தவறு என்று இப்போதும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. குற்றவுணர்ச்சியை மேடையில் கொட்டித் தீர்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், சொன்னவருக்குப் பாரம் இறங்கிவிடும், கதையில் வந்த மனிதருக்கு ஒன்றும் கிடைக்காது. அவரை அதிலிருந்து காப்பாற்றியதாகக்கூட நினைத்துக்கொண்டேன். மேடைக்கு முன்பு அப்படி நினைக்க முடிந்தது. அந்தக் கேள்வி வந்தபிறகு அது நிற்கவில்லை. வெட்டியது என் தொழில். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் மைக்கை எடுத்தேனே, அது எதில் சேரும்? கேள்வி நேரத்தில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. கடிகாரம் என் கையில்தான் இருந்தது.

அவர் தடுமாறிவிடுவார் என்று பயந்தேன் என்பது ஒரு விளக்கம். கூட்டத்தின் முகத்தில் இருந்த அந்த நிறைவு போய்விடும் என்று பயந்தேன் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்டே இருக்கிறது.

இது புதிதல்ல என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்ட நாட்களும் உண்டு. மார்க்கோ போலோ ஜெனோவா சிறையில் இருந்தபோது, 1298 வாக்கில், சொல்லச் சொல்ல எழுதியவர் ருஸ்திகெல்லோ. வீரசாகசக் காதல் கதைகள் எழுதிப் பழகிய கை அது. மொராக்கோ பயணி இபின் பதூதா சொன்னதை 1355-56 வாக்கில் நூலாக முடித்துக் கொடுத்த இபின் ஜுஸாய், சில இடங்களை முந்தைய பயணியான இபின் ஜுபைரின் நூலிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். பயணம் போனவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இந்தச் சமாதானமும் உதவவில்லை. அவர்கள் சேர்த்தார்கள், மெருகேற்றினார்கள். சொல்ல வந்தவர் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நின்றபோது வாயை அடைத்தார்களா என்று தெரியாது. நான் அடைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் போனேன். நன்றாகச் சொன்னதைப் பாராட்டத்தான் போனேன், ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு. பேசும்போது அவர் இடது கையில் ஏதோ தாள் இருந்ததைப் பார்த்திருந்தேன். "குறிப்பு வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன். விதி விதிதானே. அவர் கையை நீட்டி, கல்லைக் காட்டும்போது திறப்பாரே, அதேபோல விரல்களைத் திறந்தார். நாலாக மடித்த நோட்டுத் தாள். மடிப்புகளில் நைந்து, ஒரு மூலை கிழிந்திருந்தது. பென்சிலில், குழந்தைக் கையெழுத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துகள். வியர்வையில் ஊரின் பெயர் மங்கிப் போயிருந்தது. எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா அப்புறம் அனுப்பாம இருக்க முடியாதுல்ல சார்" என்றார். "அதுக்காகத்தான் அந்த ரெண்டு நிமிஷம் கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு படத்தை அச்செடுத்து உறையில் போட நானூறு பேர் சாட்சி எதற்கு, மறுநாளே செய்யலாமே என்று அந்த ராத்திரி எனக்குள் எரிச்சல்கூட வந்தது. அப்புறம் நான் தள்ளிப்போட்ட விஷயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்று இரண்டு மாதம் தள்ளினால் சோம்பல். நான்கு வருடம் தள்ளினால் அது வேறாகிவிடுகிறது. உறைக்குள் என்ன எழுதி வைப்பது என்பதிலேயே கை நின்றுவிடும். பாட்டி இருக்கிறாரா என்பதும் தெரியாது. அவருக்கு ஒரு உந்துதல் வேண்டியிருந்தது. அதை அவரே யோசித்துக் கண்டுபிடித்திருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை மேடைக்குக் கூப்பிட்டேன். "இப்ப வேண்டாம் சார்" என்றார். படம் அனுப்பிவிட்டாரா என்று கேட்க நாக்கு எழவில்லை. எந்த உரிமையில் கேட்பது?

மேடைத் திரையில் காட்டுவதற்காக அவர் அனுப்பிய அந்தப் படம் என் கணினியில் இன்னும் இருக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற ஒரு முகம், பின்னால் பனி படிந்த சுவர். லாங்சா சின்ன ஊர். அந்த முகத்தைக் காட்டினால் யாருக்கும் தெரியும். பின்கோடும் எனக்கு மனப்பாடம். போன மாதம் அச்செடுத்துவிட்டேன். அனுப்பினால் அவர் சொல்ல நினைத்ததை மறுபடியும் அவருக்குப் பதிலாக நானே முடித்துவைத்ததாகிவிடுமோ என்று மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பனி இறங்கிவிட்டால் ஹிக்கிம் அஞ்சலகத்தை மூடிவிடுவார்கள். அதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.